நாக்குக்கடியில் செவப்புக்கல்லு

வாயத் தொறக்கக் கூடாது. இடியே விழுந்தாலும் சரி, வாய மட்டும் தொறக்கக் கூடாது துளசிமணி, பல்லக் கடிச்சுட்டு, இல்ல இல்ல, பல்லக் கடிக்கவும் கூடாது, கடிச்சு ஒடஞ்சு கிடஞ்சு போச்சுன்னா என்ன பண்றது, சும்மா ஒதட்ட மட்டும் ஒட்டி வெச்சுட்டுச் சல்லடைய ஆட்டு, ஆட்டீட்டே இரு. உள்ள இருக்குது. நாக்குக்கடியில, எடது பக்கம், கீழ்ப்பல்லு ஓரத்துல உக்காந்திருக்குது. பாதிக் கொண்டக்கடலை அளவு வருமா, வரும். போட்டப்பச் சில்லுன்னு இருந்துச்சு, இப்ப என்ற ஒடம்புச் சூட்டுக்கே வந்துருச்சு, அட சாமி, ரண்டாயிரம் வருசம் மண்ணுக்குள்ள கெடந்தது இன்னைக்குப் பத்தரை மணிக்கு எந்திரிச்சு வந்து என்ற எச்சில்ல குளிச்சுட்டு இருக்குது. நெஞ்சு என்னமா அடிக்குது! பக்கத்துச் சல்லடை மயிலாத்தாக்காளுக்குக் கேக்காம இருந்தாச் சரி. ரண்டு முழம் தள்ளிக் கந்தவேலு மேஸ்திரி நிக்கறான். தலையில மஞ்சத் தொப்பி, கையில ஒரு பேனா, காதுல ஒரு பேனா. ஒரு மனுசனுக்கு எதுக்கு ரண்டு பேனா? சிரிக்காதடி, சிரிச்சா வாயி தொறந்துக்கும்.

மூணாவது சட்டி. அத மறக்கவே கூடாது. நாலாங்குழி, அஞ்சாம் அடுக்கு, அடுப்புக்குத் தெக்க, மூணாவது சட்டி. இந்த எடத்துக்குப் பாசிக்காடுன்னே பேரு, மழை பேஞ்சா மண்ணு கழுவிப் பாசிமணி மேல வந்து மின்னும், அந்தக் காலத்து மனுசங்க குடியிருந்த மேடு. தொல்லியல் ஆபீசு ரெஜினா மேடம் வந்து குழி போட்டு இன்னைக்கோட ரண்டு மாசம். ஆம்பளைங்க குழிக்குள்ள எறங்கிச் சொரண்டி மண்ண மேல தாட்டி விடுவாங்க, நாங்க பொம்பளைங்க பந்தலடியில உக்காந்து சலிப்போம். சட்டி ஒவ்வொண்ணுக்கும் ஒரு சீட்டு உண்டு, எந்தக் குழி எந்த அடுக்கு எத்தனை ஆழம்னு. மூணாவது சட்டியச் சலிச்சுக் கடைசியா ஒரு தட்டுத் தட்டறேன், ஓட்டுச் சில்லுக்கும் கரித்துண்டுக்கும் நடுவால ஒரு கருப்பு மணி உருண்டு வந்து சல்லடை ஓரத்துல நின்னுச்சு. கருப்பில்ல. எனக்குத் தெரியும் அது கருப்பில்லன்னு. மண்ணு அப்புன கல்லு எல்லாமும் ஒண்ணாத்தான் தெரியும், நனைச்சு வெயிலுக்குக் காட்டுனாத்தான் அது யாரு என்னன்னு சொல்லும். எங்க பக்கத்துல மழை விட்டதும் ஊரே காட்டுல குனிஞ்சு கல்லு பொறுக்கும், பச்சைக்கல்லு பளிங்குக்கல்லு செவப்புக்கல்லுன்னு, அப்ப யாரு சொம்புல தண்ணி எடுத்துட்டுப் போறா, எங்களுக்கெல்லாம் நாக்குத்தான் தண்ணி. எடு, நாக்குல போடு, தொடை, சூரியனுக்குக் காட்டு. நடக்கத் தெரியறக்கு முன்னால இது தெரியும் எங்களுக்கு. அதத்தான் பண்ணுனேன். பண்ணுனேன்னு எங்க சொல்றது, கை எடுத்துச்சு வாயி வாங்கிக்கிச்சு, எங்கிட்ட ரண்டும் கேக்கவே இல்ல.

வெளிய எடுக்கப் போனேன், அதுக்குள்ள நுனி நாக்கு ஒரு சமாசாரம் சொல்லுச்சு. ஓட்டை. மணின்னா ஓட்டை இருக்கத்தான் செய்யும், அதுல என்ன அதிசயம்னு நாக்க அந்தப் பக்கம் தள்ளுனேன். அந்தப் பக்கமும் ஓட்டை. ஆனா நேரா இல்ல. இந்தப் பக்கம் நடுவால, அந்தப் பக்கம் சித்த ஓரமா. எச்சில உறிஞ்சிப் பாத்தேன், காத்து அந்தப் பக்கம் வருல. மறுக்கா உறிஞ்சினேன், வருல! அடைச்சிருக்குது, மண்ணு அடைப்பு இல்ல, கல்லே அடைப்பு. ரண்டு பக்கமும் தொளை போட்டு நடுவுல ரண்டும் ஒண்ணு சேரவே இல்ல. ஐயோ, எனக்குக் காலுல இருந்து தலை வரைக்கும் குறுகுறுன்னு ஏறுச்சு பாரு, பெத்த புள்ளை மொத மொதல்ல வயித்துக்குள்ள ஒதைச்சப்பக்கூட இப்படி இல்ல. ஏன்னா ரெஜினா மேடம் ரண்டு மாசமாத் தேடறதே இதத்தான். நெதமும் டீக் குடிக்கையில சொல்லுவாங்க, "அக்கா, நல்ல மணி எத்தன கெடச்சாலும் பிரயோசனம் இல்லக்கா. நல்ல மணிய எவனும் எங்கயிருந்தும் வெலைக்கு வாங்கிட்டு வரலாம்லா. தப்புப் போன மணி செஞ்ச எடத்துலதான் கெடக்கும். எனக்கு ஒரே ஒரு தப்பு வேணும்க்கா." ஒரே ஒரு தப்பு வேணும்னு கும்படற பொம்பளைய நான் அப்பத்தான் பாத்தேன். அந்தத் தப்பு இப்ப என்ற வாய்க்குள்ள இருக்குது.

சொல்லியிருக்கலாம். அந்த நிமிசமே துப்பி "மேடம்"னு ஒரு சத்தம் குடுத்திருக்கலாம். வாயத் தொறக்கப் போறேன், முன்னால கந்தவேலு. எப்ப வந்தான்னே தெரீல, பூனை மாதிரி. மூணாவது சட்டியோட சீட்டப் புடுங்கீட்டு, அடுத்த சட்டியக் கொட்டுன்னு கைய ஆட்டறான். இன்னைக்கு வெடியாலதான் எங்க எல்லாரையும் நிக்க வெச்சுச் சொன்னான், "மடியில முடிஞ்சது, கொண்டையில சொருகுனது, எவகிட்ட என்ன கெடச்சாலும் அன்னைக்கே ஊட்டுக்குத் தாட்டி விட்டுருவேன், மேடம் சொன்னாலும் கேக்க மாட்டேன், மெட்ராஸ்ல இருந்து பெரிய ஆபீசர் வர்றாரு, மானம் போகக் கூடாது." மடியச் சொன்னான், கொண்டையச் சொன்னான், வாயச் சொல்லுல. ஆனா என்னைத்தான் பாத்துட்டுச் சொன்னான். அவனும் எங்க ஊருதான், அவனுக்குத் தெரியும் நான் யாரு மகளுன்னு. அந்தப் பார்வை நெனவு வந்துச்சு, ஒதடு தன்னால ஒட்டிக்கிச்சு. போகட்டும், நகந்ததும் துப்பிக்கலாம்னு பாத்தா நகருல. நாலாவது சட்டி, அஞ்சாவது சட்டி, இப்ப ஆறாவது. மொத நிமிசம் துப்பியிருந்தா மறந்து வாயில போட்டுட்டேன்னு சொல்லலாம். அஞ்சு நிமிசம் ஆனாக் கிறுக்கச்சிம்பாங்க. காமணி நேரம் ஆனாத் திருடிம்பாங்க. இப்ப எத்தனை ஆச்சு?

சத்தமில்லாம ஒரு வழி இருக்குது. இருமற மாதிரி குனிஞ்சு இந்தச் சல்லடையில விட்டுட்டு, "மேடம், மணி"ன்னு ஒரு கூப்பாடு போட்டா முடிஞ்சுது. யாரு பாக்கப் போறா? நல்ல யோசனைதான், என்ற மூளைக்கு இத்தனை தூரம் போவுமான்னு எனக்கே ஆச்சரியம். ஆனா இந்த ஆறாவது சட்டி எங்க மண்ணு? குழிச் சொவுத்து மேல் மண்ணு, ஏரு ஓட்டுன காட்டு மண்ணு, போன வருசம் நெலக்கடலை போட்டது. இதுல பழைய காசும் கெடைக்கும், பிளாஸ்டிக்குப் பொத்தானும் கெடைக்கும். இதுல மணி வந்துச்சுன்னா மேடம் எடுத்துப் பாத்து, பெருமூச்சு விட்டு, "மேல் மண்ணு, எங்கயிருந்து வந்துச்சோ"ன்னு எழுதிப் பையில போட்டு மூடிருவாங்க. பாத்திருக்கறனே, அன்னைக்கு நல்ல நீலமணி ஒண்ணு அப்படித்தான் போச்சு, அநாதைப் பொணமாட்டம். அஞ்சாம் அடுக்கு, அடுப்புக்குத் தெக்கன்னாத்தான் இதுக்கு ஊரு பேரு உண்டு. அப்ப நான் தப்பிச்சா இது செத்துப்போகும். இது பொழைக்கோணும்னா நான் வாயத் தொறக்கோணும். என்னடா இது ரோதனை, வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டாப்பல, நான் வாயில விட்டுட்டு உக்காந்திருக்கறேன்.

"ஏ அம்மிணி, டீ." மயிலாத்தாக்கா டம்ளர நீட்டுது. தலைய ஆட்டுனேன். "ஏன், வேண்டாமா? உனக்கு டீ வேண்டாமா? கெழக்க மழை கொட்டுதா பாரு." மறுக்காத் தலைய ஆட்டுனேன். "என்னடி, வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கறே? ஊட்டுக்காரன் நேத்து வந்தானா? சண்டையா? சண்டைன்னா அவங்கிட்டப் பேசாத, எங்கிட்டப் பேசறக்கு என்ன?" உம்முன்னு மூக்குல ஒரு சத்தம் குடுத்தேன். "விரதமா? எந்தச் சாமிக்குடி பேசாம விரதம்? உன்னைப் பேசாம இருக்கச் சொன்ன சாமி பெரிய சாமியாத்தான் இருக்கோணும்." சுத்தி நாலு பேரு சிரிச்சாளுக. கந்தவேலு திரும்பிப் பாக்கறான். டம்ளர வாங்கிப் பக்கத்துக் கல்லு மேல வெச்சேன், ஆறட்டும். டீ வாசத்துக்கு வாயி ஊறுது, எச்சில் ரொம்புது, முழுங்கியாகோணும், முழுங்கறதுன்னா நாக்கு மேல தூக்கும், தூக்குனா மணி உருளும், மெதுவா, மெதுவா துளசிமணி, பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவால தள்ளு, தள்ளீட்டியா, இப்ப முழுங்கு. அப்பா! ஒருவேளை உள்ள போயிருச்சுன்னா? அப்பறம் அது வெளிய வர்ற வரைக்கும் நான் இங்கயே உக்காந்திருக்கோணும், ரெஜினா மேடம் அதுக்கும் ஒரு சல்லடை குடுப்பாங்க, சீட்டு எழுதி ஒட்டுவாங்க. ஐயோ சிரிப்பு வருது, கண்ணுல தண்ணி வருது, மயிலாத்தாக்கா பாத்துட்டுச் "சரி சரி, அழுவாத, புருசன்னா அப்படித்தான்"ங்குது.

அந்த மனுசன் மேல ஒரு தப்பும் இல்ல, சென்னியப்பன் மேல. கோயமுத்தூர்ல தண்ணியில இரும்பு அறுக்கற மிசின்ல வேலை. தண்ணி மட்டும் பாஞ்சா இரும்பு அறுபடாதாம், கூட ஒரு மண்ணு சேந்து பாயோணும், அந்த மண்ணுக்குப் பேரு கார்னெட்டு, மூட்டை மூட்டையா வருதாம். சனிக்கெழமை வந்து சட்டையக் கழட்டிப் போட்டா நான் தொவைக்கிற பக்கெட்டு அடியில இளஞ்செவப்பா மின்னீட்டு நிக்கும். ஒரு நாளு ரெஜினா மேடம் ஒரு பாசிய எடுத்துக் காட்டி, "இது கார்னெட்டுக்கா"ன்னாங்க, எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. எங்கூட்டு பக்கெட்டு மண்ணா இது! அவங்களும் சிரிச்சுட்டாங்க, "எங்க ஊரு கடக்கரைல வந்து பாருங்கக்கா, மழை முடிஞ்சா அலை கொண்டாந்து செவசெவன்னு கொட்டிட்டுப் போவும், நாங்க சின்னதுல அதுலதான் வீடு கட்டி வெளயாடுவோம்"னாங்க. இவங்களுக்கு அது மணல், அந்த மனுசனுக்கு அது அரம், எங்களுக்கு அது செவப்பு. ராகு தெசைன்னு சோசியரு சொல்லி அவரு வெரல்ல ஒரு கோமேதகம் போட்டிருக்கறாரு, தேன் நெறத்துல, அதுவும் இதோட பங்காளிதானாம். கையில ராகுவுக்கு ஒண்ணு, காலடியில ராகுவோட ஒறம்பரை சனம் முழுசும் மூட்டையில. அதச் சொல்லி நான் சிரிச்சதுக்கு அன்னைக்கு ராத்திரி சோறு வேண்டாம்னுட்டாரு.

மலை அமுங்கி அமுங்கி, வெந்து நொந்து, அந்தச் சூட்டுலதான் இந்தக் கல்லு பொறக்குமாம், மேடம் சொன்னாங்க. வெள்ளக்காரன் மாதுளையப் பாத்துத்தான் இதுக்குப் பேரு வெச்சானாம். ஆமா, மாதுளைதான், ஒரு முத்த நாக்குல வெச்சுக் கடிக்காம இருக்கற மாதிரிதான் இருக்குது, கடிக்கத் துடிக்குது பல்லு. இங்கிருந்து கடல் தாண்டி ராசா பொண்டாட்டிக கழுத்துக்கெல்லாம் போச்சாம். வேற தேசத்துல ஒரு கதையாம், ஒலகமெல்லாம் வெள்ளம் வந்து மூழ்கறப்பக் கப்பலுக்குள்ள வெளக்குக்குப் பதுலா இந்தக் கல்லத்தான் தொங்க விட்டிருந்தாங்களாம், அது வெளிச்சத்துலயே அத்தனை சீவனும் பொழைச்சுதாம். கல்லாவது வெளிச்சம் குடுக்கறதாவதுன்னு அன்னைக்கு நெனச்சேன். இப்ப என்ற வாய்க்குள்ள கும்மிருட்டு, அதுக்குள்ள இது இருக்குது, எரியுதோ எரியலையோ யாரு பாத்தா. எங்க ஊருலயும் ஒரு கதை உண்டே, நாகம் ரத்தினத்த வாயில வெச்சிருந்து கக்கி அந்த வெளிச்சத்துல எரை தேடுமாம், கக்குன நேரம் பாத்து யாராச்சும் அதச் சாணியில மூடீட்டா நாகம் தலைய அடிச்சுட்டுச் செத்துப் போகுமாம். கக்குனாத்தான் வெளிச்சம், கக்குனாத்தான் ஆபத்து. கக்கறேன், இருங்க, கக்கறேன். மேடம் எங்க? குழிக்குள்ள குனிஞ்சிருக்கறாங்க. கந்தவேலு நகருல.

ரத்தமும் இதே நெறந்தான். நெனக்கக் கூடாதுன்னு பாத்தேன், வந்துருச்சு. எனக்கு எட்டு வயசு. மழை விட்ட மறுநாளு எங்கப்பன் என்னையக் கூட்டீட்டுப் பெரிய தோட்டத்துக்காரரு காட்டுல கல்லு பொறுக்குச்சு. ஊரே பொறுக்கும், யாரும் கேக்க மாட்டாங்க. அன்னைக்கின்னு பாத்து அவரு வந்துட்டாரு. அப்பத்தான் ஒரு கல்ல எங்கப்பன் நாக்குல போட்டிருந்துச்சு, நனைக்கறக்குத்தான், வேற எதுக்கு. "வாயில என்னடா?" அப்பன் பேசுல. பயத்துல வாயி ஒட்டிக்கிச்சு. அது ஏன் பேசுல, சொல்லித் தொலைச்சிருக்கலாமேன்னு முப்பது வருசமா நான் திட்டீட்டு இருந்தேன், இன்னைக்குத் தெரியுது அப்பா, ஒட்டிக்கிது, ஆமா, ஒட்டிக்கிது. விட்டாரு ஒரு அறை. கல்லும் ரத்தமும் சேந்து வந்து மண்ணுல விழுந்துச்சு. எது கல்லு எது ரத்தம்னு தெரியாம நாந்தான் குனிஞ்சு தேடிப் பொறுக்கி அவரு கையில குடுத்தேன். கல்லு வாங்கற ஏவாரி பாத்துட்டு, "இது ஒண்ணுத்துக்கும் ஆகாதுங்க, உப்புத்தாள்ல ஒட்டறக்கு வேணா ஆகும்"னு தூக்கி எறிஞ்சான். கல்லு போச்சு, பேரு போகுல. வாய்க்கள்ளன். அப்பன் சாகற வரைக்கும் வாய்க்கள்ளன். எனக்கு மாப்பிள்ளை பாக்கையிலயும் வாய்க்கள்ளன் மக. இந்த வேலைக்கு வந்த மொத நாளு கந்தவேலு பேரு எழுதறப்ப, "யாரு, அந்த வாயோட மகளா?"ன்னான். எல்லாருக்கும் கேக்கத்தான் சொன்னான்.

தொளை போட்டவனுக்கும் ஒரு அப்பன் இருந்திருப்பான். நாக்கு மறுக்கா அங்கயே போகுது, நடுவுல ஒண்ணு, ஓரத்துல ஒண்ணு. எத்தனை நாளு உக்காந்து தொளைச்சானோ, வைரத்துண்டு வெச்சுத்தான் தொளைக்கோணுமாம் இத. பாதி வந்து, திருப்பி வெச்சு, அந்தப் பக்கம் தொளைச்சு, இதோ சேந்துரும் இதோ சேந்துரும்னு பாத்திருப்பான். சேருல. கோணிப் போச்சு. சீன்னு தூக்கி அடுப்போரம் வீசியிருப்பான். அவனா, அவளா? பொம்பளையா இருந்தா அடுப்பு மேல கண்ணு வெச்சுட்டே தொளைச்சிருப்பா, பாலு பொங்குதான்னு ஒரு நிமிசம் திரும்பியிருப்பா, அப்பத்தான் கோணியிருக்கும். திட்டு வாங்கியிருப்பா பாவம். ஆத்தா, நீ வாங்குன திட்டு வீண் போகுல ஆத்தா, உன்ற தப்பத் தேடீட்டு ஒருத்தி ரண்டு மாசமா வெயில்ல வேகறா, உன்ற நல்ல மணியெல்லாம் எங்கியோ கடலுக்கு அந்தப் பக்கம் போயிருச்சு, இந்தத் தப்பு ஒண்ணுதான் நீ இங்க இருந்தேன்னு சாட்சி சொல்லறக்கு நிக்குது.

ஜீப்பு. மெட்ராஸ் ஆபீசரு வந்துட்டாரு. வெள்ளைச் சட்டை, நரைச்ச தலை, கழுத்துல கறுப்புக் கயிறு. கந்தவேலு இப்பத்தான் நகந்தான், ஓடறான், போடா போ, இப்பத் துப்பலாம், இல்ல, எல்லாரும் இந்தப் பக்கந்தான் வர்றாங்க. பந்தலுக்கு முன்னாலயே நின்னு பேசறாங்க. ரெஜினா மேடம் மொகமெல்லாம் மண்ணு. "சார், இன்னும் ஒரு வாரம் குடுங்க சார். அடுப்பு வந்திருக்கு, சாம்பல் வந்திருக்கு, இங்கதான் செஞ்சிருக்காங்க." அவரு கத்தல, அதுதான் பயமா இருக்குது, மெதுவாப் பேசறாரு. "அடுப்புல சோறுகூட பொங்கியிருக்கலாம், ரெஜினா. செஞ்சு முடிச்ச மணி நாப்பது எடுத்திருக்கீங்க. செய்யும்போது வீணான மணி ஒண்ணாவது எடுத்தீங்களா? வெலைக்கு வாங்கினதுன்னு நான் எழுதினா உங்களால மறுத்துச் சொல்ல முடியுமா?" மேடம் குழியத் திரும்பிப் பாத்தாங்க. "மத்தியானத்தோட நாலாங்குழிய மூடிருங்க. அடுத்த வருஷத்துக்கு நான் பரிந்துரை செய்யல." "சரிங்க சார், மண்ணத் தள்ளச் சொல்லீர்றனுங்க," கந்தவேலு. சரிங்கவா? என்னடா சரிங்க? மேடம் கண்ணத் தொடைக்கறாங்க, தொடைச்ச எடம் மட்டும் மண்ணு இல்லாமத் தெரியுது. எந்திரிச்சிருக்கறேன். எப்ப எந்திரிச்சேன்? சல்லடை கீழ கெடக்குது. "என்னம்மா?" ஆபீசரு கேக்கறாரு. ஒட்டிக்கிச்சு. அப்பா, ஒட்டிக்கிச்சு. "வாயத் தொறந்து சொல்லு, தொறந்தா முத்து உதுந்துருமா?" கந்தவேலு கத்தறான்.

உள்ளங்கைய நீட்டி, குனிஞ்சு, எல்லாரு கண்ணு முன்னாலயும் துப்புனேன். எச்சிலோட விழுந்துச்சு, வெயிலு மேல பட்டுது, ஐயோ என்ன செவப்பு, என்ன செவப்பு! "மூணாவது சட்டிங்க," என்ற கொரலு எனக்கே புதுசா இருக்குது, "நாலாங்குழி, அஞ்சாம் அடுக்கு, அடுப்புக்குத் தெக்கங்க." "அடிப்பாவி! வாய்க்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கறா பாருங்க சார்! அப்பன் புத்தி எங்க போகும்!" கந்தவேலு குதிக்கறான். ஆபீசரு கையத் தூக்குனாரு. கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன். எடது கன்னம் தன்னால இறுகிருச்சு, வரட்டும், வரட்டும். வருல. கண்ணத் தொறந்தா அவரு கழுத்துக் கயித்துல கெடந்த கண்ணாடிய எடுத்து ஒரு கண்ணுல வெச்சுட்டு என்ற உள்ளங்கை மேல குனிஞ்சிருக்கறாரு. எச்சில்னு பாக்குல, மூக்கு கையில முட்டற அளவுக்குக் குனிஞ்சிருக்கறாரு. "ஒரு ஊசி," அப்படின்னாரு. மயிலாத்தாக்கா தாலியில இருந்து ஊக்கக் கழட்டிக் குடுத்துச்சு. ரெஜினா மேடம் ஓட்டையில ஊக்க உட்டாங்க, பாதி போய் நின்னுது. மணியத் திருப்பி அந்தப் பக்கம் உட்டாங்க. பாதி போய் நின்னுது. "சேரல," மேடம் சொன்னாங்க, "சார், சேரல சார், சேரவே இல்ல!" என்னைக் கட்டிப் புடிச்சாங்க பாரு, அவங்க மேல இருந்த மண்ணெல்லாம் எனக்கு.

ஆபீசரு மட்டும் என்னையே பாத்துட்டு இருந்தாரு. "கையில இருந்த சல்லடையிலயே போட்டுட்டு இப்பத்தான் கெடச்சதுன்னு சொல்லியிருக்கலாமே. யாருக்கும் தெரிஞ்சிருக்காதே?" "அது ஆறாவது சட்டிங்க. ஓட்டுன காட்டு மண்ணுங்க. எடம் மாறுனா இது வெறுங்கல்லுங்க." "இது அரைகுறைத் தொளைன்னு எப்படித் தெரியும்? கண்ணால பாக்கலயே நீங்க?" "நாக்குலதானுங்க தெரிஞ்சுது. நடுவால ஒண்ணு, ஓரத்துல ஒண்ணு. உறிஞ்சினாக் காத்து வருலீங்க." அவரு கண்ணாடியத் தொடைச்சுக் கயித்துல விட்டுட்டு மேடம் பக்கம் திரும்பி, "எழுதுங்க"ன்னாரு. "குழிய மூடறது?"ன்னு கந்தவேலு இழுத்தான். "எந்தக் குழிய?"ன்னாரு ஆபீசரு.

மேடம் தரையிலயே சம்மணம் போட்டு உக்காந்து சீட்டு எழுதறாங்க, கந்தவேலு காதுல இருந்த பேனா அவங்க கையில. வாய் விட்டுச் சொல்லீட்டே எழுதறாங்க. குழி நாலு. அடுக்கு அஞ்சு. பொருள், கார்னெட் மணி, தொளை முடியாதது. கண்டெடுத்தவர், துளசிமணி. "அக்கா, அப்பா பேரும் எழுதணும், சொல்லுங்க." சொன்னேன். நாச்சிமுத்து. எத்தனை வருசம் ஆச்சு அந்தப் பேர ஒருத்தரு கேட்டு நான் சொல்லி. கண்டெடுத்த விதம்னு ஒரு கட்டம் இருக்குதாம், எல்லாத்துக்கும் சல்லடைன்னுதான் போடுவாங்க. "சல்லடைன்னே போட்டுருங்க மேடம்," கந்தவேலு மெதுவாச் சொல்றான், "வெளிய தெரிஞ்சாச் சிரிப்பாங்க." மேடம் நிமுந்து ஆபீசரப் பாத்தாங்க. அவரு தலைய அசைச்சாரு, உள்ளது உள்ளபடின்னு. மேடம் குனிஞ்சு எழுதுனாங்க. நாக்கு.

வாயி வெறிச்சுன்னு இருக்குது. நாக்கு இன்னும் அந்த எடத்துலயே தேடீட்டு இருக்குது, கிறுக்கு. கல்லு மேல வெச்ச டீ ஆடை கட்டிக் கெடந்துச்சு, எடுத்து ஒரே மடக்குல குடிச்சேன், என்னமா இனிச்சுது. "இப்பவாச்சும் பேசுவியாடி?"ன்னு மயிலாத்தாக்கா கேட்டுது. பேசறேன்க்கா, பொழுது சாயற வரைக்கும் பேசறேன், கேக்க ஆளிருந்தாப் போதும்.